ரப்பர் படகின் டெக் மேட்: புகாரைக் கேட்டு கோளாறைக் கண்டுபிடிப்பது

வேகமாக ஓடும் ரப்பர் படகின் டெக்கில், அதாவது தளத்தில், அடி தாங்கும் மேட் போட்ட பிறகு வருகிற புகார்கள் ஏழெட்டு வகைக்குள் அடங்கிவிடும். முட்டி வலி குறையவில்லை, முன்னைவிட மோசமாகத் தூக்கிப் போடுகிறது, ஓரம் கிளம்புகிறது, மிதித்தால் சளக் என்கிறது, சீட் ஆடுகிறது. எந்தப் புகாரானாலும் ஆட்கள் உடனே கத்தியை எடுத்து மேட்டைப் பிய்க்கப் போகிறார்கள். அதைக் கடைசியாகச் செய்யுங்கள். ஒட்டிய மேட்டைப் பிய்த்தால் பசையோடு கொஞ்சம் ஃபோமும் கிழிந்து வரும். திரும்ப அதே இடத்தில் சீராக உட்காராது. கோளாறு மேட்டில்தான் என்று உறுதியான பிறகு பிய்த்துக்கொள்ளலாம்.

தேடுகிற வரிசை கீழிருந்து மேலே போக வேண்டும். டியூபின் காற்று, படகின் அடிப்பாகம், டெக் பலகை, பசை, மேட், போல்ட், கடைசியில் அதன் மேல் நிற்கிற ஆள். மேட்டின் மேல் சுமத்தப்படும் பழிகளில் பெரும்பாலானவை அதற்குக் கீழேயே பிடிபட்டுவிடும்.

இரண்டு வகைப் படகுகளை மனதில் வைத்து எழுதுகிறேன். ஒன்று, ஃபைபர் அல்லது அலுமினிய அடிப்பாகத்தைச் சுற்றிக் காற்று டியூப் வைத்த ரிப். மற்றது, மடித்துச் சுருட்டி வண்டியில் ஏற்றிவிடக்கூடிய முழு ரப்பர் படகு. நம் பக்கத்தில் ஜெமினி என்கிறார்களே, அந்த வகை. இதன் தரை அலுமினியத் தகடுகளாகவோ காற்றடித்த தரையாகவோ இருக்கும்.

எந்தப் புகாரானாலும் முதலில் காற்று

மேட்டைத் தொடும் முன் கேஜ் வைத்து எல்லா அறைகளையும் பாருங்கள். கட்டை விரலால் அழுத்திப் பார்த்து "சரியாத்தான் இருக்கு" என்று சொல்வது பரிசோதனை ஆகாது. பெரும்பாலான படகுகளில் டியூபுக்கு 240 மில்லிபார் அளவில், அதாவது ஏறக்குறைய 3.5 பி.எஸ்.ஐ. சொல்லியிருப்பார்கள். காற்றடித்த தரைக்கு அதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு, 0.7 முதல் 0.8 பார் வரை வேண்டும். உங்கள் படகின் தகட்டில் வேறு அளவு இருந்தால் அதுதான் சட்டம்.

இதில் வெயில் செய்யும் வேலையைப் பலர் கவனிப்பதில்லை. கரையில் உச்சிவெயிலில் டியூபுக்குள் இருக்கும் காற்று 45 டிகிரிக்குச் சூடாகியிருக்கும்போது 240 மில்லிபார் வைக்கிறீர்கள். படகை 27 டிகிரி கடலில் இறக்கியதும் உள்ளே காற்று குளிர்ந்து கேஜ் 170 பக்கம் வந்துவிடும். எங்கும் கசிவு இல்லை, வால்வும் சரி. ஆனாலும் டியூப் தொய்ந்து, அலையில் விழும்போது படகு நடுவில் மடங்கி நிமிர்கிறது. அந்த உதறல் நேராகக் காலுக்கு வரும். இதையே திருப்பிப் பார்த்தால், காலைக் குளிரில் 240 வைத்த படகை வெயிலில் கரையில் போட்டு வைத்தால் 310 தாண்டும். தையல், ஒட்டு எல்லாவற்றுக்கும் கேடு. அதனால் படகைத் தண்ணீரில் இறக்கிக் கால் மணி நேரம் கழித்து ஒருமுறை கேஜ் பாருங்கள்.

அடுத்து டிரிம், அதாவது இன்ஜினின் சாய்வு. அவுட்போர்டை (பின்னால் மாட்டிய இன்ஜினை) வெளியே தள்ளி வைத்து அணியத்தை, அதாவது படகின் முன்முனையை, தூக்கிக்கொண்டு எதிரலையில் ஓடினால், படகு அடிப்பாகத்தின் தட்டையான பின்பகுதியில் வந்து அறையும். டிரிமை உள்ளே இழுத்து அணியத்தைத் தாழ்த்தினால் கூர்மையான முன்பகுதி அலையை வெட்டும். பாக் நீரிணை போல ஆழம் குறைந்த, குட்டையாகவும் செங்குத்தாகவும் அலை எழும்பும் கடலில் இந்த ஒரு மாற்றத்திலேயே புகார் பாதி அடங்கிவிடுவது உண்டு. பெட்ரோல் கேன், நங்கூரம், தண்ணீர் கேன் எல்லாம் பின்னால் குவிந்திருந்தாலும் அணியம் பறக்கும். அவற்றை இடம் மாற்றிவிட்டு ஒரு ஓட்டம் ஓடிப் பாருங்கள்.

மேட்டால் எவ்வளவு முடியும்: ஒரு சின்னக் கணக்கு

இந்தக் கணக்கு புரிந்தால் கீழே வரும் பாதி அறிகுறிகளுக்கு விடை தானாகவே கிடைக்கும்.

அரை மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஒன்றை எவ்வளவு தூரத்தில் நிறுத்துகிறோமோ அதைப் பொறுத்துத்தான் அடி. விழுந்த உயரத்தை நிற்கும் தூரத்தால் வகுத்தால் சராசரி அடி எத்தனை ஜி, அதாவது சொந்த எடையைப் போல எத்தனை மடங்கு, என்று வந்துவிடும். 50 செ.மீ. விழுந்து 5 செ.மீ.யில் நின்றால் 10 ஜி. 1 செ.மீ.யில் நின்றால் 50 ஜி.

படகு விழும்போது நிற்கும் தூரத்தில் பெரும்பங்கைத் தருவது தண்ணீர். அடிப்பாகம் 15 செ.மீ. அமிழ்ந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 மி.மீ. மேட் எவ்வளவு நசுங்கினாலும் 15 மி.மீ. சுமாருக்கு மேல் நசுங்காது. அதற்குப் பிறகு ஃபோமின் அறைகள் எல்லாம் ஒட்டிக்கொண்டு கட்டையாகிவிடும். ஆக 15 செ.மீ. என்பது 16.5 ஆகிறது. பத்தில் ஒரு பங்கு லாபம், அவ்வளவுதான். நல்ல சஸ்பென்ஷன் சீட் 10 முதல் 20 செ.மீ. வரை இறங்கும். மடக்கிய முட்டி அதைவிடவும் அதிகம் தரும்.

பிறகு எதற்கு மேட்? மூன்று இடங்களில் அது தன் விலையைச் சம்பாதிக்கும். அலை சிறிதாக இருந்து படகு ஓயாமல் தடதடக்கும்போது குதிகாலுக்கும் கணுக்காலுக்கும் வரும் கூர்மையான அதிர்வை அது வெட்டிவிடும். கால் டெக்கைவிட்டு மேலே போய்த் திரும்ப மோதும்போது, அந்த மோதலில் தண்ணீரின் உதவி இல்லை. அங்கே மேட்டின் ஒன்றரை செ.மீ. பெரிய விஷயம். மூன்றாவது, மண்டியிட்டு உட்காரும் ஆட்கள். மடக்கு ரப்பர் படகில் சீட் கிடையாது; டியூபின் மேல் தொற்றிக்கொள்வார்கள், இல்லாவிட்டால் தரையில் மண்டியிடுவார்கள். முட்டிச் சில்லுக்கும் அலுமினியத் தகட்டுக்கும் நடுவே எதுவும் இல்லாதபோது மேட் இருப்பதும் இல்லாததும் இரவும் பகலும் மாதிரி.

நின்று ஓட்டுபவரின் முதுகைக் காப்பாற்ற மேட் வாங்கியிருந்தால் வாங்கிய காரணமே தவறு. கோளாறு மேட்டில் இல்லை.

அறிகுறி: மேட் போட்டும் முட்டி, கணுக்கால் வலி குறையவில்லை

போட்டிருப்பது என்ன மேட் என்று பாருங்கள். ஐந்தாறு மி.மீ. தடிப்பில், தேக்குப் பலகைக் கோடு போட்டு, பின்னால் பசையோடு வரும் இ.வி.ஏ. (ஒரு வகை ஃபோம்) ஷீட் வழுக்காமல் நிற்பதற்கும் வெறுங்காலுக்கு இதமாக இருப்பதற்கும் ஆனது. கடையில் அதையும் "ஷாக் மேட்" என்றே விற்பார்கள். மேலே போட்ட கணக்கில் அதன் மூன்று மி.மீ. நசுங்கலை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அடி தாங்கவே செய்யப்பட்ட மேட் என்றால் தடிப்பு பெரும்பாலும் 20 மி.மீ.க்கு மேல் இருக்கும். உள்ளே இரண்டு மூன்று அடர்த்தியில் ஃபோம் அடுக்கியிருப்பார்கள், அல்லது ஸ்கைடெக்ஸ் போலத் தெர்மோபிளாஸ்டிக்கில் வார்த்த அரைக்கோளக் குமிழ்கள் எதிரெதிராக முட்டிக்கொண்டு நிற்கும். அமெரிக்கக் கடற்படையின் வேகப்படகு டெக்குகளில் இந்தக் குமிழ் வகை போடப்பட்டிருக்கிறது. அடி விழும்போது குமிழ் மடங்கிச் சக்தியை வாங்கிக்கொண்டு, பிறகு நிமிரும்.

மேட் சரியான வகைதான் என்றால், அடி தட்டுகிறதா, அதாவது முழுவதும் நசுங்கி இனி நசுங்க இடமில்லாமல் போகிறதா என்று பாருங்கள். படகில் வருவதிலேயே கனமான ஆளை மேட்டின் ஓரத்தில் ஒற்றைக் குதிகாலில் நிற்கச் சொல்லுங்கள். பக்கத்தில் ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி எவ்வளவு அமுங்குகிறது என்று அளவெடுங்கள். சும்மா நிற்கும்போதே தடிப்பில் கால் பங்குக்கு மேல் போனால் எனக்குச் சந்தேகம் வரும். பாதி போனால் அந்த மேட் அந்த ஆளுக்குப் போதாது. கடலில் விழும்போது எடை பல மடங்காக இறங்கும், மிச்சம் இருக்கும் பாதி ஒரு நொடிகூடத் தாங்காது. மெலிந்தவர் "நல்லா இருக்கே" என்பார், பருமனானவர் திட்டுவார். இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள்.

பிறகு, ஆள் எங்கே நிற்கிறார்? அணியத்தை நோக்கிப் போகப் போக அடி கூடும், பின்னால் டிரான்ஸம் (இன்ஜின் மாட்டும் பின்பலகை) பக்கம் குறையும். நல்ல மேட்டை ஓட்டுபவரின் காலடியில் மட்டும் போட்டுவிட்டு முன்னால் நிற்பவரை வெறும் டெக்கில் விட்டிருக்கிறார்களா என்று கவனியுங்கள். காசு குறைவு என்றால் முதலில் முன்பக்கத்துக்குத்தான் போட வேண்டும்.

அறிகுறி: மேட் போட்ட பிறகு முன்னைவிட மோசம்

இந்தப் புகாரைக் கேட்டதும் சிரிப்பவர்கள் உண்டு. சிரிக்க வேண்டாம், இது நடக்கக்கூடியதுதான்.

படகு அலையில் அறையும்போது டெக் மேல்நோக்கித் தள்ளும் அந்தக் குத்து நொடியில் பத்தில் ஒன்று, இரண்டு பங்கு நேரம் நீடிக்கும். மேட் ரொம்ப மெத்தென்று இருந்தால், டெக் மேலே வரத் தொடங்கும்போது உடம்பு அசையாமல் இருக்கும், மேட் மட்டும் நசுங்கிக்கொண்டே போகும். டெக் முழு வேகம் எடுத்த நேரத்தில் மேட் அடி தட்டி, அந்த வேக வித்தியாசம் முழுவதும் ஒரே தட்டலில் காலில் இறங்கும். மேட்டே இல்லாதிருந்தால் உடம்பும் டெக்கோடு சேர்ந்தே மெதுவாகக் கிளம்பியிருக்கும். சீட்டில் மெத்தென்ற குஷன் போட்டாலும் இதே கதைதான்.

வழக்கமான காரணம், பழைய மேட்டின் மேலேயே இன்னொரு மேட். "ரெண்டு போட்டா ரெண்டு மடங்கு" என்று நினைத்துப் போடுவார்கள். மேலே உள்ளதைத் தற்காலிகமாக எடுத்துவிட்டு அதே வேகத்தில், அதே கடலில் ஓடிப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் கடினமானதை அடியிலும் மென்மையானதை மேலேயும் வைத்து, மென்மையானதை மெல்லியதாகப் போடுங்கள்.

இரண்டாவது காரணம் உயரம். 30 மி.மீ. மேட் போட்டால் ஆள் 30 மி.மீ. உயர்கிறார், கைப்பிடியும் ஸ்டீயரிங்கும் சீட்டும் உயரவில்லை. குதிரைச் சேணம் போலக் கால் விரித்து உட்காரும் ஜாக்கி சீட்டில் இது பெரிய வித்தியாசம். கால் மேலே வந்ததும் முட்டி அதிகமாக மடங்கி, தொடையால் தாங்க வேண்டிய எடை இடுப்புக்குப் போய்விடுகிறது. மேட்டால் கால் தப்பித்தது, முதுகு மாட்டிக்கொண்டது. மேட் போட்ட தடிப்புக்குச் சீட்டையும் உயர்த்துங்கள். டியூபின் மேல்விளிம்பும் அதே அளவு தாழ்ந்துபோனது போலத்தான். நிற்பவர் கவிழ்ந்து விழும் வாய்ப்புக் கூடியிருக்கிறதா என்று பிடிகயிற்றைப் பிடித்து நின்று பாருங்கள்.

போனில் ஆப் போட்டு அளந்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. போனை மேட்டின் மேல் வைத்து அளப்பதில் பயனில்லை. மேட் வேலை செய்ய அதன் மேல் ஆளின் எடை வேண்டும். இருநூறு கிராம் போனுக்கு அது வெறும் கல். டெக்கோடு இறுக்கிக் கட்டினால் படகுக்கு வரும் அடி தெரியும், டிரிமையும் வேகத்தையும் மாற்றி ஒப்பிட உதவும். அதிலும் பல போன்களின் சென்சார் 4 அல்லது 8 ஜி-யோடு நின்றுவிடும். வரைபடத்தின் உச்சி சீவியது போலத் தட்டையாக இருந்தால் உண்மையான அடி அதற்கும் மேல் என்று அர்த்தம்.

அறிகுறி: நிற்கும் இடத்தில் குழி விழுந்துவிட்டது

ஓட்டுபவர் நிற்கும் இடத்தில் இரண்டு பாத வடிவத்தில் பள்ளம். நேர்ச்சட்டம் ஒன்றை மேட்டின் குறுக்கே வைத்துப் பள்ளத்தின் ஆழத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். படகை ஒரு நாள் நிழலில், எடை எதுவும் வைக்காமல் விட்டுவிட்டுத் திரும்ப அளவெடுங்கள். ஏறக்குறைய நிமிர்ந்துவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை. நிமிராமல் அப்படியே இருந்தால் ஃபோமின் அறைகள் உள்ளே உடைந்து காற்றை இழந்துவிட்டன. பார்க்க மேட் போல இருக்கும், அடி தாங்காது. அந்தத் துண்டை மட்டும் வெட்டி மாற்றிவிடலாம். முழுவதும் மாற்ற வேண்டியதில்லை.

வெயில் இதை விரைவுபடுத்தும். இ.வி.ஏ. சூட்டில் இளகும், இளகிய நேரத்தில் மேலே நிறை பெட்ரோல் கேன் ஒரு மதியம் உட்கார்ந்தால் போதும், அடியின் அச்சு நிரந்தரமாகப் பதிந்துவிடும். கரையில் நிறுத்தும்போது மேட்டின் மேல் எதையும் வைக்காதீர்கள்.

குமிழ் வகை மேட்டில் குழி விழாது, குமிழ் விரியும். கையால் ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். ஒன்று மட்டும் எதிர்ப்பே இல்லாமல் உள்ளே போனாலோ டிக்கென்று ஒலி வந்தாலோ அது கீறிவிட்டது. ஒன்றிரண்டு பரவாயில்லை, பக்கத்துப் பக்கத்தில் கொத்தாகப் போயிருந்தால் மாற்றுங்கள்.

அறிகுறி: ஓரம் கிளம்புகிறது, நடுவில் உப்புகிறது

இது பசையின் பாடு. ஆனால் பசை ஏன் விட்டது என்று தெரியாமல் புதுப் பசை பூசினால் அடுத்த மாதம் திரும்ப வருவீர்கள்.

கிளம்பிய ஓரத்தைத் தூக்கி, பசை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். பசை முழுவதும் மேட்டோடு வந்து டெக் பளிச்சென்று இருந்தால், டெக்கைச் சுத்தம் செய்யாமல் ஒட்டியிருக்கிறார்கள். மெழுகோ சிலிக்கானோ இருந்திருக்கிறது. அந்த இடத்தைக் கழுவித் துடைத்து ஒரு கை தண்ணீர் தெளியுங்கள். தண்ணீர் படலமாகப் பரவி நின்றால் டெக் சுத்தம். முத்து முத்தாக உருண்டால் இன்னும் மெழுகு போகவில்லை. இந்த ஒரு பரிசோதனையைச் செய்பவர்கள் அரிது, செய்தவர்களின் மேட் கிளம்புவதும் அரிது.

பசை டெக்கோடு நின்று ஃபோம் கிழிந்திருந்தால் பசையில் குற்றமில்லை, மேட் இழுபட்டிருக்கிறது. வெயிலில் இ.வி.ஏ. ஷீட் நாளடைவில் கொஞ்சம் சுருங்கும். இரண்டு ஷீட் சேரும் இடத்தில் இடைவெளி தெரிகிறதா பாருங்கள். பெரிய ஷீட்டை ஒரே துண்டாக ஒட்டியிருந்தால் அந்தச் சுருக்கம் முழுவதும் ஓரத்தில் வந்து சேரும். சிறு துண்டுகளாக, நடுவே ஐந்து மி.மீ. வாய்க்கால் விட்டு ஒட்டுவது நல்லது. வாய்க்கால் தண்ணீரையும் வடிக்கும். மூலைகளை வட்டமாக வெட்டுங்கள். கூர்மூலைதான் எப்போதும் முதலில் கிளம்பும்.

பசை இரண்டு பக்கமும் நூல் நூலாக, பிசுபிசுப்பாக இழுத்தால் அது இளகிவிட்டது. பெட்ரோல் சிந்திய இடமா என்று முகர்ந்து பாருங்கள். செருப்புக்குப் பூசும் மஞ்சள் ரப்பர் பசையை டெக்கில் பூசியவர்களுக்கும் இதே கதி. சூடு, ஈரம், பெட்ரோல் மூன்றும் சேர்ந்தால் அது நிற்காது.

திரும்ப ஒட்டும் முறை: ஹேர் டிரையரின் மிதமான சூடு காட்டி மேட்டை மெதுவாக, தாழ்ந்த கோணத்தில் உரியுங்கள். மிச்சப் பசையைப் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள். ஃபைபர் டெக் என்றால் 120 எண் உப்புத்தாளால் லேசாகச் சொரசொரப்பாக்கி ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். ஒட்டுவது காலையிலோ மாலையிலோ, நிழலில் இருக்கட்டும். உச்சிவெயிலில் விரிந்திருக்கும் ஷீட்டை ஒட்டினால் இரவில் அது சுருங்கித் தானே தன்னை இழுத்துக்கொள்ளும். நடுவிலிருந்து வெளிப்பக்கமாக உருளை வைத்து அழுத்துங்கள். பசையோடு வரும் ஷீட் என்றால் 24 மணி நேரத்தில் பெரும்பாலும் பிடித்துவிடும், முழுப் பலம் வர மூன்று நாள் ஆகும். அதுவரை கடலில் இறக்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. டெக்கைத் துடைக்கும் அசிட்டோனோ தின்னரோ டியூபில் படக்கூடாது, பி.வி.சி. டியூபை அது கெடுத்துவிடும். டியூப் பி.வி.சி.யா, ஹைப்பலான் என்கிற செயற்கை ரப்பர் துணியா என்று தெரியாமல் எந்தப் பசையையும் அதன் மேல் பூசவும் வேண்டாம், இரண்டுக்கும் பசை வேறு.

அறிகுறி: மிதித்தால் சளக் என்கிறது, நாறுகிறது

மேட்டுக்கு அடியில் தண்ணீர் தேங்கியிருக்கிறது, அல்லது மேட்டே குடித்திருக்கிறது. ஓரத்தில் ஒரு சின்னத் துண்டு வெட்டி எடுத்துக் கசக்கிப் பிழியுங்கள். நீர் சொட்டினால் அது திறந்த அறை ஃபோம், பஞ்சு போல நீரைக் குடிக்கும் வகை. அதைப் படகில் போட்டதே தவறு, மாற்றுவதைத் தவிர வழியில்லை. துண்டு காய்ந்தே இருந்தால் தண்ணீர் அடியில்தான் நிற்கிறது. வடிகால் ஓட்டைகளை மேட் மூடிவிட்டதா, அவை டெக்கின் தாழ்ந்த இடத்தில்தான் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு செ.மீ. உயரத்துக்குத் தேங்கினால் பத்து கிலோ. டெக் முழுவதும் என்றால் கூடுதலாக ஒரு ஆளையே சுமந்து ஓடுகிறீர்கள். படகு சமீபமாக மேலெழும்பி ஓடச் சோம்பல்படுகிறது என்று இன்ஜினைப் பிரித்துக்கொண்டிருப்பவர்கள் இதையும் ஒரு கண் பார்க்கலாம்.

அலுமினிய டெக்கில் இதை நாளைக்கு என்று தள்ளிப் போடாதீர்கள். மேட்டுக்கு அடியில் காற்றுப் புகாமல் தேங்கும் உப்புத் தண்ணீர் அலுமினியத்தைக் குழி குழியாகத் தின்னும். ஓரத்தைத் தூக்கினால் சுண்ணாம்பு போல வெள்ளைப் பொடி தெரியும். பொடியைச் சுரண்டிவிட்டுக் குழியின் ஆழத்தைப் பாருங்கள். நகம் சிக்கும் அளவு குழி என்றால் அந்த இடத்தில் மேட்டைத் திரும்ப ஒட்டும் முன் வெல்டரிடம் காட்டுங்கள். ஒட்டாமல் கழற்றி மாட்டும் மேட் போட்டிருந்தால் ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் எடுத்து நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்துவிடலாம். அலுமினியப் படகுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

அறிகுறி: தட்டினால் ஓர் இடத்தில் மட்டும் டொக்கு ஒலி

ஸ்குரூடிரைவரின் கைப்பிடியால் டெக் முழுவதும் ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே வாருங்கள். மேட்டின் மேல் தட்டினால் ஒலி அமுங்கும். அதனால் வாய்க்கால்களிலும் விளிம்புகளிலும், முடிந்தால் அடியில் ஹேட்ச் (டெக்கில் உள்ள திறப்பு) வழியாகவும் தட்டுங்கள். கணீரென்று ஒலித்த டெக் ஓரிடத்தில் மட்டும் பொத்தென்று ஒலித்தால், ஃபைபர் தோலுக்கும் நடுவில் இருக்கும் பிளைவுட்டுக்கும் ஒட்டு விட்டிருக்கிறது, அல்லது பிளைவுட் ஊறி உளுத்திருக்கிறது. ஸ்குரூ துளை வழியாகத்தான் பெரும்பாலும் தண்ணீர் உள்ளே போகும்.

இது மேட் வேலை அல்ல, படகின் உயிர் சம்பந்தப்பட்ட வேலை. "மேட் மெத்தென்று இருக்கிறது" என்று மகிழ்ந்துகொண்டிருந்த இடத்தில் உண்மையில் டெக்கே வளைந்துகொண்டிருக்கலாம். அதைச் சரிசெய்யும் வரை வேகமாக ஓட்டாதீர்கள். மேட்டுக்கு அடியில் பெட்ரோல் டேங்க் ஹேட்ச் மறைந்திருந்தால் இந்தச் சாக்கில் அதன் மேல் உள்ள மேட்டை வெட்டி, மூடி திறக்கும்படி செய்துவிடுங்கள். மூடி ஒட்டிய ஹேட்ச்சுக்குள் பெட்ரோல் ஆவி தேங்கினால் யாருக்கும் தெரியாது.

மடக்கு ரப்பர் படகில் இந்தச் சத்தத்துக்கு வேறு காரணம். அலுமினியத் தகடுகளை இணைக்கும் பக்கச் சட்டங்கள் தளர்ந்திருக்கும், அல்லது தரைக்கு அடியில் நடுவே ஓடும் கீல் டியூபில் காற்றுக் குறைந்து தகடு தொங்கும். கீலுக்குக் காற்றடித்து, சட்டங்களைச் சரியான இடத்தில் மாட்டினாலே போதும்.

அறிகுறி: சீட் ஆடுகிறது, போல்ட் அடிக்கடி தளர்கிறது

கேள்வி ஒன்றுதான்: சீட்டின் அடித்தகடு மேட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறதா? ஆம் என்றால் கோளாறு கிடைத்துவிட்டது. மேட் நசுங்கி நிமிரும் ஒவ்வொரு முறையும் போல்ட் ஒருமுறை தளர்ந்து இறுகுகிறது. நீங்கள் இறுக்க இறுக்க மேட் இன்னும் நசுங்கும், நட்டு திரும்பத் தளரும், கடைசியில் போல்ட்டே அயர்ந்து முறியும். அடித்தகட்டைச் சுற்றி மேட்டை வெட்டி எடுத்து, சீட்டைக் கெட்டியான டெக்கில் நேராக உட்காரவைத்து, அடியில் அகலமான தாங்குதகடு கொடுத்து இறுக்குங்கள். கன்சோல் (ஸ்டீயரிங் நிற்கும் பெட்டி), டவர், கைப்பிடி எல்லாவற்றுக்கும் இதேதான் விதி. கெட்டியாக நிற்க வேண்டிய எதையும் மெத்தையின் மேல் நிறுத்தக்கூடாது.

அறிகுறி: வழுக்குகிறது, சுடுகிறது

வழுக்கினால் பாத்திரம் கழுவும் சோப்பும் நைலான் பிரஷ்ஷும் போதும். மீன் கொழுப்பு, இன்ஜின் ஆயில், சன் ஸ்கிரீன் எல்லாம் போகும். பளபளப்புக்காக டயர் பாலிஷ் அடித்த புண்ணியவான் யாரென்று விசாரியுங்கள். கழுவியும் வழுக்கினால் மேல்வரி தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டியதுதான். சுடுவது கறுப்பு மேட்டின் குணம். அடுத்தமுறை வெளிர் சாம்பல் நிறம் வாங்குங்கள், அதுவரை ஏறும் முன் ஒரு வாளி கடல்நீர் ஊற்றுங்கள்.

அறிகுறி மேட்டில் இல்லை, ஆளிடம்

ரிப் படகு 1960களில் வேல்ஸின் அட்லாண்டிக் கல்லூரியில் உருவானது; கூழாங்கல் கரையில் இழுத்து இழுத்துத் தேய்ந்துபோன துணி அடிப்பாகத்துக்குப் பதில் கெட்டியான தரை வைக்கப் போய் வந்தது அது. கெட்டித் தரை வந்ததும் வேகமும் வந்தது, வேகத்தோடு முதுகு வலியும் வந்தது. அமெரிக்கக் கடற்படையின் சிறப்புப் படகு வீரர்களிடம் எடுத்து 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில் மூன்றில் இரண்டு பங்குக்கு அருகில் உள்ளவர்கள் காயம் பட்டதாகச் சொன்னார்கள். முதலிடம் இடுப்புக்கு, அடுத்தது முட்டிக்கு. ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் வகுத்த விதிப்படி எட்டு மணி நேர வேலைக்கு உடம்பு முழுவதற்குமான அதிர்வு வரம்பு 1.15 மீ/நொடி². கடல் கொஞ்சம் கலங்கினாலே வேகப் படகு இதைத் தாண்டிவிடும். அதைக் கீழே கொண்டுவரும் வேலையை மேட்டிடம் விட முடியாது. வேகக் கைப்பிடியைக் குறைப்பதுதான் முதல் மருந்து.

ஓட்டத்துக்கு மறுநாளும் தீராத இடுப்பு வலி, காலில் மரத்துப்போதல், குனிந்தால் குத்தும் வலி என்றால் மேட்டை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் எலும்பு மருத்துவரிடம் அனுப்புங்கள். ஒரே ஒரு பெரிய அடிக்குப் பிறகு யாராவது முதுகைப் பிடித்துக்கொண்டு "எழுந்திருக்க முடியல" என்றால் அதை முதுகெலும்பு முறிவாகவே எடுத்துக்கொள்ளுங்கள். பயணிகளுக்கு, குறிப்பாக முன்பக்கம் இருப்பவர்களுக்கு, இது நேரக்கூடிய காயம்தான். வேகத்தைக் குறையுங்கள். ஆளை உட்காரவைக்காதீர்கள், தூக்கி நிறுத்தவும் வேண்டாம். மேட்டின் மேலேயே மல்லாக்கப் படுக்கவைத்து, தலையும் முதுகும் ஒரே கோட்டில் இருக்கும்படி இருபுறமும் லைஃப் ஜாக்கெட்டை அணைகொடுங்கள். கால் விரலை அசைக்கச் சொல்லிப் பாருங்கள், சிறுநீர் தானாகப் போனதா என்று கேளுங்கள், பதிலைக் குறித்துக்கொண்டு வி.எச்.எஃப். ரேடியோவின் 16ஆம் சேனலில் சொல்லுங்கள். போன் சிக்னல் இருந்தால் இந்தியக் கடலோரக் காவல்படைக்கு 1554. தமிழகக் கரையோரம் என்றால் கடலோரக் காவல் குழுமத்துக்கு 1093. கரைக்கு வரும்போது அலைக்குப் பக்கவாட்டிலோ அலையோடு சேர்ந்தோ, படகு மேலெழும்பாத வேகத்தில் வாருங்கள். நேரம் கூடினாலும் பரவாயில்லை.